மலைக்குப் பின்னால் மஸ்தா!

நான் ஸ்கூல் படிச்ச காலத்தில் எங்க தெருவில் ‘வேன்’ என்ற வார்த்தையே கிடையாது. ‘மஸ்தா’தான்! “மஸ்தா வந்திருச்சா?”, “மஸ்தாவை விட்டுட்டேம்மா...” இப்படித்தான் விடியும். முன்பக்கம் ‘ஸ்வராஜ் மஸ்தா’ன்னு எழுதின அந்த வண்டியில் முப்பது பேர் ஏற வேண்டிய இடத்தில் ஐம்பது பேர் தொங்கிக்கிட்டுப் போவோம். ஸ்வராஜ்னா புரியுது. மஸ்தான்னா என்ன? டிரைவர் அண்ணனைக் கேட்டால், “ஜப்பான்காரன் பேருடா... பேசாம உக்காரு!” என்பார்.

அந்த ஜப்பான்காரரின் ஊருக்கே ஒருநாள் போவேன்னு அப்போ சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். அதுவும் எந்த ஊர்? ஹிரோஷிமா!

எங்க காலேஜ் சீனியர் அண்ணா ஒருத்தர் அங்கே ஆராய்ச்சி படிப்பில் இருக்கார். நான் ஜப்பான் வர்றேன்னு தெரிஞ்சதும், “எல்லாரும் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்க தம்பி. நீ ரெண்டு நாள் இரு. விழுந்த பிறகு என்ன ஆச்சுன்னு காட்டறேன்” என்றார்.

முதல் நாள் அமைதிப் பூங்கா. எலும்புக்கூடாக நிற்கும் அந்த டோம், மியூசியத்தில் ஒரு குழந்தையின் கருகிப்போன மூணு சக்கர சைக்கிள்... அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கலை. அதைப் பத்தி இங்கே அதிகம் எழுதப் போறதில்லை. எழுதினாலும் போதாது.

மறுநாள் காலையில் அண்ணா என்னைக் கூட்டிக்கிட்டுப் போனது ஹிஜியாமா என்ற சின்ன மலைக்கு. மலைன்னா ஊட்டி, கொடைக்கானல் ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணாதீங்க. எழுபது மீட்டர் உயரம்தான். மூச்சு வாங்கறதுக்குள்ள உச்சி வந்துடும். ஆனா இந்தக் குட்டி மலைதான் கதையின் முதல் ஹீரோ.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. குண்டு விழுந்தது மலைக்கு மேற்கே. அந்தப் பக்கம் ஊரே தரைமட்டம். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். மலைக்குக் கிழக்கே, குண்டு விழுந்த இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஃபுச்சு என்ற இடத்தில் ‘டோயோ கோக்யோ’ன்னு ஒரு தொழிற்சாலை. மலை நடுவில் நின்று அதிர்ச்சி அலையில் பெரும் பங்கைத் தடுத்துவிட்டது. கண்ணாடிகள் நொறுங்கின, கூரைகள் பறந்தன. ஆனாலும் கட்டடங்கள் நின்றன. ஊருக்குள் போயிருந்த ஊழியர்கள் பலர் திரும்பி வரவே இல்லை. கம்பெனியை வளர்த்தெடுத்த ஜுஜிரோ மட்சுதாவுக்கு அன்றைக்குத்தான் எழுபதாவது பிறந்த நாள் என்பது இன்னொரு கொடுமை.

காயம்பட்டவர்கள் அந்தத் தொழிற்சாலையை நோக்கி நடந்தே வந்தார்கள். அது ஆஸ்பத்திரி ஆனது. மாவட்ட நிர்வாகத்துக்கே உட்கார இடமில்லை. அரசு அலுவலகமும் அங்கே வந்து, அடுத்த ஆண்டு வரைக்கும் இருந்தது. ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது... போர்க்காலத்தில் அதே தொழிற்சாலை ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்துகொண்டிருந்தது.

இப்போ கவனிங்க. ஆகஸ்ட்டில் குண்டு. டிசம்பரில் அங்கிருந்து மறுபடி வண்டி வெளியே வந்தது. நாலே மாசம்! என்ன வண்டி தெரியுமா? கிட்டத்தட்ட நம்ம ஊர் லோடு ஆட்டோ! முன்னாடி ஒரு சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில்பார், பின்னாடி சாமான் ஏற்றும் தொட்டி. 1931-லிருந்தே அவர்கள் செய்துவந்த ‘மஸ்தா-கோ’ மூணு சக்கர வண்டிதான் அது. எரிந்த ஊரைத் திரும்பக் கட்ட மரமும் செங்கல்லும் சுமந்தவை இந்த மாதிரி வண்டிகள்தான்.

பேரைச் சொல்லணுமே! மட்சுதா என்ற குடும்பப் பேர் ஒரு பாதி. இன்னொரு பாதி, அஹுரா மஸ்தா. பழைய பாரசீகத்து ஞானக் கடவுள். நம்ம மும்பை பார்சிக்காரர்கள் இன்றும் கும்பிடுகிற சாமி. ஆக, எங்க ஸ்கூல் வேன் முகப்பில் இத்தனை வருஷம் சாமி பேர்தான் எழுதியிருந்திருக்கு! 1980-களில் பஞ்சாப் கம்பெனி ஒன்றோடு மஸ்தா கைகோத்ததில் பிறந்தது ஸ்வராஜ் மஸ்தா. 2011-ல் அந்தப் பேரே போய்விட்டது. ஆனா எங்க தெருவில் இன்னமும் எந்த வேன் வந்தாலும் ‘மஸ்தா’தான்.

மலையிலிருந்து இறங்கி ஹிரோஷிமா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டாப் முக்காய்னாதா. வழியில் ஜன்னலோரம் மஸ்தா பேரில் ஒரு பேஸ்பால் ஸ்டேடியம். ஊர் டீமின் பேர் கார்ப்... அதாவது கெண்டை மீன்! மேட்ச் நாளில் ரயில் முழுக்கச் சிவப்புத் தொப்பிதானாம். ஸ்டேஷனிலிருந்து அஞ்சு நிமிஷம் நடந்தால் மஸ்தா தலைமை அலுவலகம். மியூசியத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்யணும், ஆனா ஃப்ரீ! கம்பெனி பஸ்ஸிலேயே ஏற்றி, ஆற்றின் மேல் கம்பெனி சொந்தமாகக் கட்டிய பாலம் வழியாகக் கூட்டிப் போறாங்க. பக்கத்திலேயே கார்களைக் கப்பலில் ஏற்றச் சொந்தத் துறைமுகம் வேற. கொஞ்சம் டூ மச்தான்.

மியூசியத்தில் கம்பெனியின் ஆரம்பமே காமெடி. 1920-ல் அது பாட்டில் மூடிக்கு ஆகிற தக்கை செய்கிற கம்பெனியாம்! நான் அதிக நேரம் நின்றது தக்கை முன்னாலும் இல்லை, பளபள கார்கள் முன்னாலும் இல்லை. ரோட்டரி என்ஜின் முன்னால்தான்.

மெக்கானிக்கல் பசங்க மன்னிக்கணும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். சாதாரண என்ஜினில் பிஸ்டன் உலக்கை மாதிரி மேலும் கீழும் குத்தும். ரோட்டரியில் உலக்கை கிடையாது, ஆட்டுக்கல்! முக்கோணக் குழவி ஒன்று நீள்வட்டக் குழிக்குள் சுற்றிக்கிட்டே இருக்கும். பாகங்கள் கம்மி, எடை கம்மி, அதிர்வு கம்மி. கண்டுபிடிச்சது ஜெர்மன்காரர் ஃபெலிக்ஸ் வாங்கெல். 1961-ல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. கம்பெனியோடு மஸ்தா ஒப்பந்தம் போட்டது. சின்ன கார் கம்பெனிகளைப் பெரிய கம்பெனிகளோடு இணைச்சுடலாம்னு ஜப்பான் அரசு யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. வேறு யாரிடமும் இல்லாதது ஒண்ணு கையில் இருந்தால்தான் தப்பிக்க முடியும்!

காசு கொடுத்து வாங்கின பிறகுதான் தெரிந்தது, அது இன்னும் வேகாத சோறு. குழவியின் மூணு முனையிலும் இருக்கிற சீல், குழியின் சுவரைச் சுரண்டி வரி வரியாகக் கோடு போட்டுவிடும். அதுக்கு என்ஜினியர்கள் வெச்ச பேர் ‘பிசாசின் நகக்கீறல்’. வண்டி பின்னாடி புகையாகக் கக்கும். முதுகில் தீப்பிடித்து ஓடும் ஒரு நாட்டுப்புறக் கதை மிருகத்தை வைத்து அதுக்கும் கிண்டலாக ஒரு பேர். மெதுவாகப் போனால் உடம்பே உதறும். அதுக்குப் பேர் ‘எலெக்ட்ரிக் மசாஜ்’! நம்ம ஹாஸ்டல் பசங்க மாதிரியே இருந்திருக்காங்க.

1963-ல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் இதுக்காகவே ஒதுக்கப்பட்டார்கள். 47 என்ற எண்ணுக்கு ஜப்பானில் தனி மரியாதை. எஜமானருக்காகப் பழிவாங்கிய 47 சாமுராய்கள் கதை அங்கே குழந்தைக்கும் தெரியும். கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீல்தான் வழி காட்டியது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. வெள்ளையாக, தரையோடு தரையாக, பறக்கும் தட்டு மாதிரி ஒரு கார். எதிரே பத்து நிமிஷம் நின்னேன்.

அப்புறம் ஆசை ஜாஸ்தியாகிவிட்டது. கார், பிக்கப், 1974-ல் ஒரு மினி பஸ் வரைக்கும் ரோட்டரி! ஆனா 1973 கடைசியிலேயே எண்ணெய் நெருக்கடி வந்துவிட்டது. ரோட்டரி பெட்ரோலைக் குடிக்காது, விழுங்கும். சிட்டிக்குள் லிட்டருக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டர்னு அமெரிக்காவில் கணக்குச் சொன்னதும் விற்பனை படுத்தது. அந்த ஊரில் நிறையப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கம்பெனியாலும் அதுக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறைகளாலும்தான். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, டை கட்டிக்கொண்டு ஷோரூம்களுக்கு விற்பனையாளர்களாகப் போனார்கள். “மஸ்தா வாங்குவோம்”னு ஊர்க் கம்பெனிகள் சேர்ந்து இயக்கமே நடத்தின. பேங்க் கை கொடுத்தது, 1979-ல் ஃபோர்டு 25 சதவிகிதப் பங்கு வாங்கியது. இதுக்கு நடுவில் 1975-ல், அதுவரை தோத்துக்கிட்டே இருந்த கார்ப் டீம் முதன்முறையாக லீக்கை ஜெயித்தது. அந்த வருஷத்தைப் பற்றிப் பேசும்போது இங்கே வயசானவர்களுக்குக் கண் கலங்குவதை அண்ணா பார்த்திருக்காராம்.

வேற கம்பெனியா இருந்தா ரோட்டரியைத் தலை முழுகியிருக்கும். இவங்க 1978-ல் ஆர்.எக்ஸ்-7 விட்டாங்க! 1991-ல் பிரான்ஸின் ‘லீ மான்ஸ்’ 24 மணி நேர ரேஸுக்கு ஆரஞ்சும் பச்சையும் அடிச்ச 787B காரோடு போய் ஜெயிச்சாங்க. ஜப்பானிய கம்பெனிக்கு அதுவே முதல் வெற்றி. கடைசிச் சுற்றை ஓட்டி முடித்த ஜானி ஹெர்பர்ட் உடம்பில் நீர்ச்சத்து வற்றிப்போய், பரிசு மேடைக்கே வர முடியவில்லை. அந்த 787B மியூசியத்திலேயே நிற்குது.

சரி, கம்பெனி புராணம் போதும். வாங்கினவங்க என்ன சொல்றாங்க?

ஜப்பானில் ‘மஸ்தா நரகம்’னு ஒரு பழைய சொலவடையே உண்டு. ஒரு காலத்தில் ஷோரூமில் தள்ளுபடியை அள்ளி விடுவாங்களாம். ஆசைப்பட்டு வாங்கிட்டு, விற்கப் போனால் வெளியே எவனும் விலை கேட்க மாட்டான். மஸ்தா டீலர் மட்டும்தான் எடுத்துக்குவார், அதுவும் அடுத்த மஸ்தா வாங்கினால்! அப்புறம் அதை விற்க... அதே டீலர். உள்ளே போனா வெளியே வர முடியாது. 2012-க்குப் பிறகு தள்ளுபடியைக் குறைத்து, டிசைனையும் என்ஜினையும் மாற்றியதில் நிலைமை தேறியிருக்கிறது. இப்போதைய ஓனர்களின் பெரிய புகார் பின் சீட்டில் கால் நீட்ட இடமில்லை என்பதுதான். சிவப்பு கலரை மட்டும் யாரும் குறை சொல்றதில்லை.

ரோட்ஸ்டர் ஓனர்கள் தனி ஜாதி. 1989-ல் வந்த குட்டி ரெண்டு சீட் கார், 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்டது. டிக்கியில் ரெண்டு பை வைத்தால் ஃபுல். குதிரையும் வீரனும் ஒரே உயிர்னு அர்த்தம் வர்ற ‘ஜின்பா இத்தாய்’ என்பதுதான் அதன் தாரக மந்திரம். எதிரே இன்னொரு ரோட்ஸ்டர் வந்தால் முன்பின் தெரியாதவங்க கூட கை ஆட்டிக்கிறாங்க. முப்பது வருஷப் பழசைக் கம்பெனியே வாங்கிப் பிரிச்சுப் புதுசு பண்ணித் தர்ற திட்டமும் 2018-லிருந்து நடக்குது.

சாயங்காலம் அண்ணாவின் லேப் நண்பர் ஒருத்தர் தன் ஆர்.எக்ஸ்-8-ஐ எடுத்துக்கிட்டு வந்தார். 2012-ல் தயாரிப்பு நின்றுபோன மாடல். பின் கதவுகள் பீரோ மாதிரி எதிர்ப் பக்கமாகத் திறக்கும். அவர் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரிஞ்சுது, மீதியை அண்ணா மொழிபெயர்த்தார்.

“மைலேஜ்?” நம்ம ஊர் புத்தி, முதல்ல அதைத்தானே கேட்கும்!

அவர் சிரிச்சுட்டு ஏழு விரலைக் காட்டினார். ஹைவேயில் பத்து. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, நாலடி நகர்த்தி உடனே ஆஃப் பண்ணக் கூடாதாம். பிளக் பெட்ரோலில் ஊறி, மறுபடி கிளம்பாது. இதை ரோட்டரி வெச்சிருக்கிற எல்லாருமே சொல்வாங்களாம்.

“அப்புறம் ஏன் இதையே வெச்சிருக்கார்னு கேளுங்கண்ணா.”

அவர் வாயால் பதில் சொல்லலை. உஜினா பக்கம் காலி ரோட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். முள் ஏழாயிரம், எட்டாயிரம்னு ஏறுது... உதறல் இல்லை, முனகல் இல்லை. நம்ம வீட்டு வெட் கிரைண்டர் ஜெட் விமானமானா எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம்! ஒன்பதாயிரம் கிட்டே ‘பீப்’னு ஒரு எச்சரிக்கை மணி. என் முகத்தைப் பார்த்துட்டு, “அதான் பதிலாம்” என்றார் அண்ணா.

இவ்வளவு பண்ணின என்ஜின் அப்புறம் எங்கே திரும்பி வந்துச்சு தெரியுமா? 2023-ல் எம்.எக்ஸ்-30 என்ற காரில், சக்கரத்தைச் சுற்றாம, பேட்டரிக்குக் கரன்ட் தயாரிக்கிற ஜெனரேட்டராக! அதைச் சொன்னதும் அந்த நண்பர் முகம் கொஞ்சம் சுருங்குச்சு. “சும்மா இருக்கிறதுக்கு அது மேல்” என்றாராம். 2024 பிப்ரவரியில் ரோட்டரிக்காக என்ஜினியர் குழுவை மறுபடி சேர்த்திருக்காங்கன்னு அவரே ஞாபகப்படுத்தினார்.

திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க். டேங்கை நிரப்பினதும் அவர் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். சீல் தேயாமல் இருக்க ரோட்டரி தானே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலையும் எரிச்சுக்கும். அதனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் பார்க்கணுமாம். டிக்கியைத் திறந்தார். முதல்நாளே துவைத்து மடித்து வைத்த மாதிரி ஒரு துணி, அதன் மேல் ஒரு லிட்டர் ஆயில் டப்பா. பாதி டப்பாவை நிதானமா ஊற்றி முடிச்சு, கையைத் துடைச்சுக்கிட்டு, “போலாமா?”ன்னு தலையை ஆட்டினார்.