ஊசுடு ஏரிக்கரையில் இரண்டு மாநிலம்

மேகாங் ஆற்றில் தாய்லாந்து, லாவோஸ், மியான்மர் மூன்றும் சந்திக்கும் முனையைப் பார்க்க எங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். புதுச்சேரிக்கு வருகிறவர்களோ கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள ஊசுடு ஏரிக்கரையில் ஏறி நின்று பாருங்கள். எல்லை தண்ணீருக்குள்ளேயே போகிறது. ஒரு பகுதி புதுச்சேரி, மறுபகுதி விழுப்புரம் மாவட்டம்.

ஒரு காலத்தில் இது நாட்டு எல்லை. ஒரு ஊர் பிரெஞ்சு, பக்கத்து ஊர் இந்தியா, அதைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சு என்று துண்டு துண்டாகக் கிடந்தது. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் பக்கம் உள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. கீழூரில் நினைவிடம் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

நம்மைப் போன்றவர்கள் கேட்க வேண்டியது, ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் கொண்டுவருகிறது. அந்த ஆறு செஞ்சிப் பக்கத்திலிருந்து, வீடூர் அணை தாண்டி வருவது. அணை தமிழ்நாட்டில், அதன் பாசனம் 3,200 ஏக்கரில் 1,000 ஏக்கர் புதுச்சேரியில். மேலே வாய்க்கால் தூர்ந்தால் கீழே வேறு மாநிலத்து வயல் காயும்.

ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம். மழை முடிந்த டிசம்பர், ஜனவரியில் காலை நேரம் நல்லது. நாமக்கோழி, கூழைக்கடா பார்க்கலாம். பிள்ளைகளுக்கு மதகையும் காட்டுங்கள்.