சட்டகத்துக்கு வெளியே நிறுத்தியவர்கள்

புத்தளத்தின் பழமையைப் படம் பிடித்து வைத்தவன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு நான் உரியவன் அல்லன். என் காலத்தில் இந்த ஊருக்கு நேர்ந்த மிகப் பெரிய நிகழ்வு என் கமராவுக்கு முன்னால்தான் நடந்தது. அதை நான் எடுக்கவில்லை. தவறிப் போனதல்ல, வேண்டாம் என்று விட்டேன்.

என்னிடம் உள்ளவற்றை முதலில் சொல்கிறேன். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டை, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும். அவர்களுடைய பழைய தேவாலயம். சிலாபத்துக்கு 1916இல் வந்து, 1926இல் புத்தளத்தை எட்டிய ரயில் பாதை. அதில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வரும் கோச்சி. அருவக்காட்டில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைப் பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்கு இழுத்துப் போகும் சரக்கு வண்டி. களப்பில் வள்ளங்கள், உப்பளத்தில் வெள்ளைக் குவியல்கள், உடப்பில் தீமிதிப்பு. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்து, ஆலயத்தைச் சுற்றி மணலில் கிடுகுக் குடில் போட்டுத் தங்கிய குடும்பங்கள். நெகட்டிவ்களை ஈரம் படாமல் தகரப் பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடமும் திகதியும் எழுதியிருக்கிறேன்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து, படகேறிக் கற்பிட்டியில் கரை சேர்ந்தார்கள். மற்றவர்கள் வவுனியா வழியாக நடந்தும் லொறியிலும் வந்தார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதி எங்கள் மாவட்டத்துக்கே வந்தது. எங்கள் ஊர் அன்று நல்லபடி நடந்துகொண்டது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீட்டுக்கு வீடு சோறு சமைத்துக் கொடுத்தார்கள். நானும் சோற்றுப் பொதி சுமந்தேன். கமராவை மட்டும் எடுத்துப் போகவில்லை.

பிறகு தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் உப்பளத்துப் பக்கத்திலும் முகாம்கள் எழுந்தன. கிடுகுக் கூரை, பொலித்தீன் தடுப்பு, மணல் தரை. கற்பிட்டி வீதியில் எந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பினாலும் ஒரு குடிசை வந்து விழும். அப்போதுதான் நான் அந்த வேலையைத் தொடங்கினேன். வள்ளத்தை எடுக்கும்போது கரையில் இருந்த குடிசைகள் தெரியாதபடி முழங்கால் நீரில் இறங்கி நின்றேன். ரயில் வருகையில் தண்டவாள ஓரம் குடம் ஏந்தி நிற்கும் பெண்கள் கடந்து போகும்வரை காத்திருந்தேன். அப்படியும் தப்பி உள்ளே வந்ததை இருட்டறையில் வெட்டினேன். தலவிலையில் யாத்திரிகர் போட்ட கிடுகுக் குடிலை ஆசையோடு எடுத்தவன், அதே கடற்கரையில் அகதி போட்ட கிடுகுக் குடிலை அசிங்கம் என்று ஒதுக்கினேன்.

அது அழகுணர்ச்சி என்று வெகு காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். மனதில் இருந்தது எரிச்சல். வந்த முதல் மாதங்களின் இரக்கம் வடிந்த பிறகு ஊரில் வேறு பேச்சு எழுந்தது. கிணறுகள் போதவில்லை, பாடசாலையில் இடமில்லை, வெங்காயத் தோட்டங்களில் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், நிவாரணம் எல்லாம் அவர்களுக்கே போகிறது. நானும் அதைப் பேசினேன். இங்கே பிறந்த பிள்ளையையும் ‘அகதிப் பிள்ளை’ என்று என் வாயால் சொல்லியிருக்கிறேன். அவர்கள் போய்விடுவார்கள், போய்விட வேண்டும் என்று எண்ணினேன். போகப்போகிறவர்களை ஏன் பதிவு செய்ய வேண்டும்? என் படங்களில் அவர்களை முன்கூட்டியே வெளியேற்றினேன்.

இன்னொன்றும் உண்டு, எழுதக் கை கூசுகிறது. என் ஸ்டூடியோவுக்கு அவர்கள் அடையாள அட்டைப் படத்துக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பத்திரங்கள் மறுபடி வேண்டியிருந்தன. கிழவர்கள், கைம்பெண்கள், வயதுக்கு வந்த பிள்ளைகள் என்று அத்தனை முகங்களும் என் விளக்குக்கு முன் வந்து உட்கார்ந்தன. கட்டணம் வாங்கினேன், படம் கொடுத்தேன். இடம் அடைக்கிறது என்று அந்த நெகட்டிவ்களைக் கட்டுக் கட்டாக எரித்தேன். கோட்டைச் சுவரின் நெகட்டிவ் ஒன்றைக்கூட நான் எரித்ததில்லை.

2007இல் உலக வங்கியின் உதவியோடு வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. குடிசைகள் இருந்த இடங்களில் கல் வீடுகள் எழும்பின. அது நல்லதுதான். ஆனால் அதோடு முகாம்களின் தடயமும் போய்விட்டது. சில வருடங்களுக்கு முன், ஆலங்குடா முகாமில் பிறந்து இன்று ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் வந்து கேட்டார்: “எங்க முகாம் படம் ஒண்டாவது இருக்குமா? எங்க உம்மாவும் வாப்பாவும் கமரா வச்சிருக்கல்ல.” பெட்டிகளை எல்லாம் இறக்கித் தேடினேன். ஆலங்குடா என்று நான் எழுதிவைத்திருந்த உறைகளில் கடல் இருந்தது, தென்னை இருந்தது, வள்ளம் இருந்தது. இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. அன்று அவருக்குச் சொல்லாத பதில்தான் இந்தக் கட்டுரை.

பழைய நகரத்தைப் படம் எடுப்பவன் என்ன எடுக்க வேண்டும் என்பதை நான் அறியாதவனும் அல்லன். பாரிஸ் நகரின் பழைய தெருக்களையும் கடைகளையும் வருடக்கணக்காக எடுத்த எழேன் அட்ஜே, நகர எல்லையில் குடிசை போட்டு வாழ்ந்த குப்பை பொறுக்குவோரையும் எடுத்துத் தனி ஆல்பமாகவே வைத்தார். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி இலங்கையின் ஊர்களைத் தொகுத்து 1834இல் நூலாக வெளியிட்டபோது, ஊரோடு அங்கு வாழ்வோரையும் எழுதினார். அவர் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு நான் ஆளில்லாத சுவர்களை எடுத்தேன்.

அந்தச் சுவர்களையாவது நான் புரிந்துகொண்டேனா? 1344இல் இப்னு பதூதா கடல்வழி வந்திறங்கிய கரை இது. அராபியரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மலாயரும் வந்து சேர்ந்த கரை. இங்கே பழமை என்று நான் கொண்டாடியதெல்லாம் ஒரு காலத்தில் வந்தவர்கள் கட்டியது. பீரங்கியோடு வந்தவரின் கோட்டைக்கு முன் மணிக்கணக்கில் காத்து நின்ற நான், வெறுங்கையோடு வந்தவரின் குடிசைக்கு ஒரு ஃபிலிம்கூட ஒதுக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறது. எரித்த முகங்களைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். புத்தளத்திலோ கற்பிட்டியிலோ, அவர்கள் திரும்பிப் போன மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ, யார் வீட்டு அலுமாரியிலாவது அந்த முகாம்களின் படம் ஒன்று இருந்தால், மங்கியிருந்தாலும் கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். பின்புறம் பெயர்களையும் ஊரையும் வருடத்தையும் எழுதி, பிரதி எடுத்து, பிள்ளைகளிடம் கொடுங்கள். இன்று கமராவோடு இந்தக் கரையில் நடக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்வேன். கோட்டையை எடுங்கள், கோச்சியை எடுங்கள். குறுக்கே ஒரு மனிதர் வந்தால் அவர் விலகும்வரை காத்திருக்காதீர்கள். அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவரையும் சேர்த்தே எடுங்கள்.