பசு வந்தது, மகள் வந்தாள்!

புரட்டாசியில் நவராத்திரி, ஐப்பசியில் தீபாவளி என்று நம் வீடுகளில் பட்சணத்துக்குக் குறைவே இராது. அதே இரண்டு மாதங்களுக்குப் பங்களாதேஷின் வட கோடியில் வேறு பெயர். 'மொங்கா' என்பார்கள். பசிக் காலம் என்று அர்த்தம்!

டாக்காவில் பஸ் ஏறி, ஜமுனா நதியை 4.8 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் கடந்து, ரங்க்பூர் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சைப் பசேலென்று நெல் வயல்!

"இங்கேயா பஞ்சம்?" என்றேன்.

உடன் வந்த ஊழியப் பெண்மணி சிரித்தார். "நடவு முடிந்துவிட்டது. அறுப்புக்குக் கார்த்திகை பிறக்க வேண்டும். நடுவே கூலிக்காரர்களுக்கு வேலை ஏது? வேலை இல்லாவிட்டால் சோறு ஏது?"

சீக்கிரம் விளையும் நெல் வந்தது. வெளியூர் வேலைக்குப் போகப் பாலமும் வந்தது. மொங்காவின் கொடுமை இன்று பெரிதும் தணிந்திருக்கிறது. ஆனால் ஏழையிலும் ஏழைக்கு இவை மட்டும் போதவில்லை.

1972-ல் பஸ்லே ஹஸன் அபேத் தொடங்கிய 'பிராக்' ஸ்தாபனம் சிறு கடன் கொடுத்து வந்தது. பரம ஏழைப் பெண்களோ கடன் என்றாலே அஞ்சினார்கள். திருப்பிக் கொடுக்க வழி வேண்டாமா? ஆகவே 2002-ல் இந்தப் பக்கத்து ஜில்லாக்களில் புது ஏற்பாடு ஒன்று ஆரம்பமாயிற்று. ஊரார் கூடித் தரையில் கிராமப் படம் வரைந்து, எது மிக ஏழை வீடு என்று அவர்களே காட்டுவார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பசுவோ, ஆடோ, கோழியோ கிடைக்கும். வளர்க்கப் பயிற்சி, பலன் வரும் வரை கைச்செலவுக்குச் சிறு தொகை, வைத்திய உதவி, சேமிக்கும் பழக்கம் எல்லாம் உண்டு. சுமார் இரண்டு வருஷம் ஊழியர் தவறாமல் வந்து கதவைத் தட்டுவார்.

எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இதைப் பரீட்சித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். உதவி நின்று ஒரு வருஷம் ஆன பின்னும் பெரும்பாலான இடங்களில் பலன் நின்றது. ஹோண்டுராஸில் கோழிகள் நோயில் மடிந்ததால் ஏமாற்றந்தான்.

தகரக் கூரை வீட்டு வாசலில் ஒரு தாயார் எங்களுக்குப் பாய் விரித்தார்.

"எட்டு வயசில் மகளைப் பட்டணத்தில் பாத்திரம் தேய்க்க விட்டேன். அங்கேயாவது அவளுக்குச் சோறு கிடைக்கட்டும் என்று. பசு வந்தது, கன்று போட்டது. பால் காசு கொஞ்சம் சேர்ந்ததும் முதல் காரியமாகப் போய் அவளை அழைத்து வந்துவிட்டேன்."

"பசு செய்த உபகாரம்!" என்றேன்.

"பசு மட்டுமா? வாரா வாரம் இந்த ஆபா வந்து, 'சாப்பிட்டாயா?' என்று கேட்டாளே! அதற்கு முன் என்னை யார் கேட்டார்கள்?"

ஆபா என்றால் அக்கா. ஊழியப் பெண்மணி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். புத்தகப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, நேரே பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.