செயினுக்குள் மணல்

எங்கள் கரையோர ஊர்களில் சைக்கிள் செயினுக்கு இரண்டு எதிரிகள்: உப்புக் காற்றும் மணலும். உப்புக் காற்றின் வேலை துருவாகக் கண்ணுக்குத் தெரியும். மணல் செய்வது வெளியே தெரியாது.

2022இல் பெற்றோல் வரிசையில் நாம் காய்ந்த காலத்தில், கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. அவற்றில் பல இன்றும் பிள்ளைகளின் கையில் ஓடுகின்றன. முதலாம் பாடத்துக்குப் பிந்தி வரும் பிள்ளையின் விரல்களைப் பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். "செயின் கழண்டுட்டு சேர்." வெள்ளைச் சட்டையிலும் கறுப்பு.

போன தவணையில் ஒரு மாணவன் மூன்று நாள் வரவேயில்லை. விசாரித்தால் செயின் அறுந்திருக்கிறது. புதுச் செயின் மட்டும் போட்டால் சரிவராது, செயின் வீலும் பிரீவீலும் தேய்ந்துவிட்டன, மூன்றையும் மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அவனுடைய வாப்பா கடலுக்குப் போகாத வாரம் அது.

செயின் "இழுபட்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் சின்ன ஆணி தேய்கிறது. நூறுக்கு மேற்பட்ட ஆணிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, செயின் முழுதாக நீண்டுவிடுகிறது. நீண்ட செயின் பற்களில் சரியாக உட்காராமல் அவற்றையும் தின்னும். அளந்து பார்க்கலாம்: ஓர் ஆணியின் நடுவிலிருந்து எண்ணினால் இருபத்துநான்காவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். ஒன்றரை மில்லிமீற்றர் தாண்டியிருந்தால் உடனே செயினை மாற்றுங்கள். பல்லாவது தப்பும்.

நம்மவர்களின் வழக்கம், ஓட்டோ கராஜில் கழித்த எஞ்சின் ஒயிலை வாங்கி மேலால் ஊற்றுவது. அது அழுக்கும் உலோகத் தூளும் நிறைந்தது. கிறீஸ் பூசினால் வெளியில் ஒட்டி மணலைப் பிடிக்கும், உள்ளே ஆணிக்குப் போய்ச் சேராது. ஒயிலும் மணலும் கலந்தால் அது அரம் மாதிரி அராவும். ஊற்றி முடிந்ததும் சத்தம் நின்றுவிடும், அதனால் நல்லாகிவிட்டது என்று நினைக்கிறோம்.

பழைய பல் துலக்கும் பிரஷ், தகர டப்பாவில் கொஞ்சம் மண்ணெண்ணெய், கந்தைத் துணி போதும். தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் ஒயில் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே இருப்பதையெல்லாம் துடைத்துவிடுங்கள். துடைக்கிறதுதான் முக்கியம், பிள்ளைகள் விடுவதும் அதைத்தான். மெல்லிய ஒயில் என்பதால் மழையில் நனைந்தால் மறுபடி விட வேண்டும். அழுக்கு மண்ணெண்ணெயை மட்டும் வளவில் ஊற்றாதீர்கள். எங்கள் மணலில் ஊற்றுவது கிணற்றுக்குத்தான் போகும்.

இப்போது மாதம் ஒருமுறை பாடசாலை விட்ட பிறகு மரத்தடியில் பிள்ளைகளோடு இதைச் செய்கிறோம். ஒயில் போத்தல் ஒன்று பல மாதம் வருகிறது. துணிதான் போதுவதில்லை. வீட்டில் கிழிந்த சாறன் இருந்தால் எறியாமல் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள்.