அம்பாசடருக்கு எத்தனை அடி போர்?

எங்கள் வீட்டில் தை மாசத்திலிருந்து ஒரே 'போர்' பேச்சு. 'போர்' என்றதும் அம்மா நினைத்தது போர்வெல்லைத்தான். திருவண்ணாமலைக்காரர்களுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால் வேறென்ன தோணும்?

"எத்தனை அடிடா?"

"எழுபத்து மூணு மில்லிமீட்டர், பெரியம்மா" என்றான் சித்தப்பா பையன். "ஸ்ட்ரோக் எண்பத்தொன்பது."

அம்மா பதறிவிட்டாள். "ஐயையோ, யாருக்குடா ஸ்ட்ரோக்?"

யாருக்கும் இல்லை. விஷயம் சித்தப்பாவின் 1984 மாடல் அம்பாசடர். பெட்ரோல் வண்டி. வருஷக்கணக்கில் டாக்ஸியாக ஓடி, வேலூர் ஆஸ்பத்திரிக்கும் மெட்ராஸுக்கும் ஜனங்களைச் சுமந்துவிட்டு, இப்போது ஓன் போர்டாக ஓய்வில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு வயசு எழுபத்தொன்று. ஜமுனாமரத்தூர் மலைக்கு இன்னொரு தரம் தானே ஓட்டிக்கொண்டு போகணும் என்று ஆசை. ஆனால் ஸ்டார்ட் பண்ணினால் கிளம்புகிற புகையில் வண்டியையே காணோம். கார்த்திகை தீபத்துக்குக்கூட அவ்வளவு புகை வராது.

இன்ஜினைப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று ஆனதும் பையன் குதித்தான். "பிரிக்கிறதுதான் பிரிக்கிறோம், பவரை ஏத்திடலாம்ணா!"

இங்கே கொஞ்சம் பாடம். தூங்கிவிடாதீர்கள். சிலிண்டரை ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் அகலம் போர். அதில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற தூரம் ஸ்ட்ரோக். இரண்டையும் வைத்துக் கொள்ளளவு போட்டு நாலால் பெருக்கினால் சி.சி. அம்பாசடருக்கு 73.025க்கு 88.9 மி.மீ., ஆக 1489 சி.சி. பிரீமியர் பத்மினிக்கு 68க்கு 75. மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 63க்கு 76. எல்லாமே ஒல்லிக்குச்சி உயர டம்ளர்கள். மாருதி ஜென்னைப் பாருங்கள்: 72க்கு 61. குட்டையாய்ப் பருத்த டம்ளர்.

அம்பாசடரும் ஹெரால்டும் ஒல்லியானதற்குப் பின்னால் ஒரு வரிக்கதை இருக்கிறது. இங்கிலாந்தில் 1947 வரை கார் வரியை சிலிண்டரின் குறுக்களவை வைத்துத்தான் போட்டார்கள். ஸ்ட்ரோக் எவ்வளவு என்று கேட்கவே மாட்டார்கள். கம்பெனிக்காரன் விடுவானா? அகலத்தைக் குறைத்து நீளத்தை இழுத்தான். அந்த வரி போயிற்று, பழக்கம் போகவில்லை. 1947-ல் வந்த ஆஸ்டின் ஏ-40க்கும் ஸ்ட்ரோக் இதே நீளம்தான். அந்த வம்சத்து இன்ஜின்தான் நம்ம அம்பாசடருக்கு வந்து சேர்ந்தது. எவனோ லண்டனில் வரி கட்ட யோசித்ததற்கு நாம் இங்கே கியர் மாற்றிக்கொண்டிருக்கிறோம்!

நீள ஸ்ட்ரோக்கில் வேகமாய்ச் சுற்றினால் வில்லங்கம். அம்பாசடர் நிமிஷத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் சராசரியாய் விநாடிக்குப் பதினோரு மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட பன்னிரண்டு மீட்டர் ஓடுகிறது. ஜென் அந்த வேகத்தைத் தொட 6000 சுற்று வேண்டும். (கணக்கு ஆபீஸ் கால்குலேட்டரில் போட்டது. லன்ச் டைமில்தான். மேனேஜர் படிக்க நேர்ந்தால் கவனிக்கவும்.)

பையனின் முதல் திட்டம் எம்.ஜி.பி. அது 1962-ல் வந்த இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சி.சி. "ஸ்ட்ரோக் அதே 88.9ணா! போர் மட்டும் 80.26. ஏழு மில்லி குடைஞ்சா போதும், நம்ம வண்டி ரேஸ் கார்!"

காகிதத்தில் பார்த்தால் எனக்கும் சரியாகத்தான் பட்டது. வேட்டவலம் ரோட்டுப் பட்டறைக்காரர்தான் சிரித்தார். "இன்னா தம்பி, சிலிண்டர்ல இடம் கீது. சுவத்துல இடம் கீதா?"

பக்கத்துக்கு மூன்றரை மில்லிக்கு மேல் சுரண்டணும். அதுக்கு அந்தாண்டை தண்ணி. இங்கிலீஷ்காரனும் 1489-ஐக் குடைந்து 1798 ஆக்கிவிடவில்லை. அக்கம்பக்கத்து சிலிண்டர்களுக்கு நடுவே தண்ணி போகிற சந்தை விட்டுவிட்டு, ஒட்டினாற்போல் வேறு பிளாக்கே வார்த்தான். அளவு ஒத்துப் போகலாம், வார்ப்பு ஒத்துப் போக வேண்டாமா? பிளாக் ஓட்டையானால் பழைய இரும்புக் கடைகளில்தான் தேடணும். உத்தர்பாராவில் 2014 மே மாசத்தோடு அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது.

இரண்டாவது திட்டம், தொண்ணூறுகளில் அம்பாசடருக்கு வந்த இசுசு இன்ஜின். 84க்கு 82, 1817 சி.சி. நல்ல இன்ஜின், சந்தேகமே இல்லை. ஆனால் கியர்பாக்ஸும் கூடவே மாறணும். ஆர்.சி.யில் இருக்கிற இன்ஜின் நம்பரும் மாறும், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கணும். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. சித்தப்பா கோர்ட்டு வரைக்கும் போகவில்லை. "அதை மாட்டிட்டா அப்புறம் இது யாரு வண்டி?" என்றார். அத்தோடு அது முடிந்தது.

பட்டறைக்காரர் டயல் கேஜை விட்டுப் பார்த்தார். ஏற்கெனவே நாற்பது சைஸ் போட்டாச்சு. மேல்பக்கம் நன்றாய்த் தேய்ந்திருந்தது. சூடு அதிகம், ஆயில் குறைச்சல், அங்கேதான் முதலில் தேயும். அடுத்தது அறுபது, அதுதான் கடைசி. போர் 74.55, கொள்ளளவு 1552. ஸ்டாண்டர்டு அளவைவிட 63 சி.சி. அதிகம். ஒரு டி.வி.எஸ். 50 இலவசம்! பையன் முகத்தில் மறுபடி வெளிச்சம்.

"அதுவும் தேஞ்சா?" என்றார் சித்தப்பா.

"ஸ்லீவ்தான்."

"அதை இப்பவே போடு."

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பிளாக்கைக் குடைந்தாலும், குடைந்த இடத்தில் ஸ்லீவே சுவராக உட்கார்ந்துகொள்ளும். போர் திரும்ப 73.025. பிறகு தேய்ந்தால் உருவிவிட்டு வேறு ஸ்லீவ். சித்தப்பாவுக்கு அப்புறம் பையன் ஓட்டணுமே! அவனுக்குத்தான் வருத்தம், ஒரு சி.சி.கூட ஏறவில்லை என்று.

போன ஞாயிற்றுக்கிழமை போளூர் தாண்டி மலை ஏறினோம். புகை இல்லை. புது ரிங் செட் ஆகிறவரை விரட்டக்கூடாது என்று பட்டறையில் உத்தரவு. மெதுவாய்ச் சுற்றி இழுக்கத் தோதான இன்ஜின், ஸ்டியரிங் கியரை இரண்டில் போட்டுவிட்டு சித்தப்பா பாட்டுக்கு ஏறினார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"1800 இருந்தா அவனை நெருங்க விட்டிருப்போமாப்பா?" என்றான் பையன்.

சித்தப்பா ஓரங்கட்டி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி பஸ்ஸுக்கு வழி விட்டார். "அவனுக்கு டைம் இருக்குடா. நமக்கென்ன?"