ஆளறியும் விளக்கு

காட்டுப்பள்ளியில் இரவு என்பது பெயரளவிற்கே உண்டு. 2013 முதல் இயங்கிவரும் துறைமுகத்தின் உயர்ந்த விளக்குகளும், அதற்குத் தெற்கே உள்ள காமராசர் துறைமுகத்தின் விளக்குகளும், அப்பால் வடசென்னை அனல் மின்நிலையத்தின் வெளிச்சமும் சேர்ந்து, வானத்தின் அடிப்பாகத்தை விடியும்வரை மஞ்சளாகவே வைத்திருக்கின்றன. ஆயினும் இத்தனை ஒளியில் ஒரு கீற்றுகூட எங்கள் வீட்டின் பின்புறத்தில் விழுவதில்லை. பின்வாசலிலிருந்து குளியலறைக்குப் பதினைந்து அடி தூரந்தான். ஆனால் இடையில் இரண்டு படிகளும் ஒரு துவைகல்லும் இருக்கின்றன. எங்கள் அம்மாவிற்கு வயது 78. இரவில் இருமுறையேனும் அவ்வழியே சென்று வர வேண்டும். யாரையும் எழுப்ப மாட்டார். 'வேலைக்குப் போகிற பிள்ளைகள் தூங்கட்டும்' என்பார்.

அங்கே ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சென்சார் விளக்கு ஒன்று இருந்தது. எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் திருட்டுக்கு அஞ்சிக் கதவின் தலைக்கு மேல் பொருத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையில் நனைந்தது முதல் அது தள்ளாடியே வந்தது. சென்ற கோடையில் அதன் போக்கு முற்றிலும் மாறிற்று. ஆளில்லாத வேளையில் மணிக்கணக்காய் எரியும்; அம்மா படியிறங்கும்போது இருண்டு கிடக்கும். 'அது என்னை மனுஷியாகவே எண்ணவில்லை' என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டார் எளிய வழி ஒன்று கூறினர்: சாதாரண பல்பு ஒன்றை இரவு முழுதும் எரியவிடுங்கள் என்று. அம்மா ஒப்பவில்லை. வெளிச்சத்திற்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் வருவதைப் பற்றி அவர் பேசவே விரும்பவில்லை. அன்றியும் இது கடலோரம். சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையே கடல் என்று நம்பி நகர்பவை. கரையோர விளக்குகளைக் கண்டு ஊருக்குள் ஊர்ந்து வந்து மடிகின்றன. துறைமுக விளக்குகளை நாம் அணைக்க இயலாது. நம் கொல்லை விளக்கையேனும் தேவைக்கு மட்டும் எரியச் செய்யலாம் அல்லவா?

மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பிறகே அவர் பெட்டியைக் கழற்றினார். உள்ளே செம்புக் கம்பிகளின் முனைகள் பச்சை பூத்திருந்தன. உப்புக் காற்றின் வேலை. ஒரு மூலையில் எறும்புகள் குடியிருந்தன. விளக்கை ஏற்றி அணைக்கும் ரிலேயின் தொடுமுனைகள் அவ்வப்போது ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் விளக்கு அணையாமல் எரிந்திருக்கிறது. 'இதைச் சுத்தம் செய்து பயனில்லை அம்மா, வேறு போடுங்கள்' என்றார். அம்மாவும், 'சரி தம்பி, உங்களுக்குத் தெரியாததா' என்றார். ரிச்சி தெருவிலிருந்து புதியது வந்து, அதே இடத்தில் பொருத்தப்பட்டது.

புதியதும் அம்மாவைக் கண்டுகொள்ளவில்லை! நாங்கள் நடந்தால் எரிகிறது, பேரப்பிள்ளை ஓடினால் எரிகிறது. அம்மா நடந்தால் பாதி தூரம் சென்ற பிறகே விழிக்கிறது.

அந்த இளைஞர் சலிக்காமல் அம்மாவை மூன்று முறை நடந்து காட்டச் சொன்னார். பிறகு காரணத்தை விளக்கினார். இந்தக் கருவி உருவத்தைப் பார்ப்பதில்லை. உடலினின்று வெளிப்படும் வெப்பக் கதிரை உணர்கிறது. முகப்பிலுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக்கின் வரிவரியான அமைப்பு, பிரான்சு நாட்டு ஃபிரெனெல் 1820களில் கலங்கரை விளக்கங்களுக்காக வகுத்த லென்சின் வழிவந்தது. அங்கே ஒளியைக் கடலுக்கு அனுப்பியது, இங்கே வெப்பத்தை உள்ளே திரட்டுகிறது. லென்சு தன் பார்வையைப் பல கீற்றுகளாகப் பிரித்திருப்பதால், ஒருவர் அக்கீற்றுகளைக் குறுக்கே கடக்கும்போதுதான் கருவி நன்கு விழிக்கும். மதிலேறிக் குதிப்பவன் குறுக்கே வருவான். அம்மாவோ கருவியின் நேர்கீழே தொடங்கி, நேர்கோட்டில், மிக மெதுவாக விலகிச் செல்கிறார். போதாக்குறைக்குக் கோடை இரவின் புழுக்கம். உடல் வெப்பத்திற்கும் சுற்றுப்புற வெப்பத்திற்கும் வேறுபாடு குறைந்தால் உணர்வும் மங்கும். திருடனுக்கென்று பொருத்திய கண், மூதாட்டியை எப்படிக் காணும்?

விளக்கு இருந்த இடத்திலேயே இருக்க, சென்சாரை மட்டும் கழற்றிப் பக்கச் சுவரில் ஏழடி உயரத்தில் வைத்தார். இப்போது கதவைத் திறந்து முதற்படியில் கால் வைக்குமுன் அம்மா அதன் பார்வையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அடியில் மூன்று திருகுகள் உண்டு. உணர்திறனை மிகுதியாக்கினார். இருட்டின் அளவைக் குறிக்கும் திருகை நிலாக் குறியிலிருந்து சற்று நகர்த்தினார். எரியும் நேரம் ஒரு நிமிடமாக இருந்தது. ஒரு நிமிடத்தில் அம்மா குளியலறைக் கதவையே அடைந்திருப்பார், திரும்பும் வழி இருட்டாகிவிடும். அதை ஐந்து நிமிடமாக்கினார். கம்பி முனைகளில் வாஸ்லைன் தடவி, பெட்டியின் மேல்விளிம்பை சிலிக்கானால் அடைத்து, மழைநீர் வடிய அடியில் மட்டும் இடம் விட்டார்.

அன்றிரவு நாங்கள் உறங்காமல் காத்திருந்தோம். இரண்டு மணியளவில் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. அடுத்த நொடி சன்னலில் வெளிச்சம் விழுந்தது. பிறகுதான் செருப்பொலி எழுந்தது.

லென்சில் படியும் உப்பை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த வேலையை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பேரப்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறித் துடைக்க, கீழே நின்று மேற்பார்வை செய்கிறார்.