தலை திரும்பாத டிரைவர்

மதுரையில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர் அவர். வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் உண்டு. 44 வயதில் கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண் வந்தது. சோதித்ததில் புற்றுநோய். கன்னத்தில் நோய் இருந்த பகுதியையும், கழுத்தின் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தை மூட, மார்புத் தசையைத் தோலோடு கழுத்து வழியாக மேலே கொண்டுவந்து தைத்தார்கள். பிறகு ஆறு வாரம், 30 தடவை கதிர்வீச்சு. ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்களே, அதுதான்.

நோய் போய்விட்டது. ஆனால் ஒரு வருடம் கழித்துக் கழுத்து இறுக ஆரம்பித்தது. தொட்டால் பலகை மாதிரி இருந்தது. வண்டியை ரிவர்ஸ் எடுக்க, இடுப்போடு மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. ஒருநாள் வலதுபக்கம் வந்த பைக்கைக் கவனிக்காமல் உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. அன்றைக்கே சாவியை மச்சினனிடம் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடிப்பவர், தனக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி வாய் வைத்துக் குடித்தார். நோய் மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்று பயப்படுகிறாரோ என மனைவி நினைத்தார். அது தொற்றுநோயே இல்லை. மெதுவாகக் கேட்டபோதுதான் சொன்னார்: “அண்ணாந்தா கழுத்து இழுக்குது.”

“உசுரு பொழச்சதே பெருசு. கழுத்தைப் போயி ஒரு குறையா சொல்லிக்கிட்டு...” என்றார்கள் சொந்தக்காரர்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் இந்தப் பேச்சு எத்தனை நோயாளிகளின் வாயை அடைத்திருக்கும்!

கதிர்வீச்சு பட்ட தோலும் தசையும் மெல்ல மெல்ல நார்போல இறுகும். சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட இது தொடரும். இவருக்கு, மார்பிலிருந்து மேலே போன தசையும் காறை எலும்புக்கு மேல் கயிறுபோல விறைத்து நின்றது.

அடுத்த செக்கப்பில், “இவரு சொல்ல மாட்டாரு டாக்டர், நான் சொல்றேன்” என்று ஆரம்பித்தார் மனைவி. முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். நோய் திரும்பினாலும் இப்படி இறுகலாம் என்பதால். நல்லவேளை, அது இல்லை. அடுத்துப் பல மாதம் பிசியோதெரபி. கொஞ்சம் இளகியது. அந்தக் கயிறு மட்டும் விடவில்லை.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் முகத்தை அழகாக்குவது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இறுகிய தழும்பை வெட்டி விடுவித்து, அந்த இடத்துக்குத் தொடையிலிருந்து தோலும் கொழுப்பும் எடுத்து வைக்கலாம் என்றார் டாக்டர். வெறும் தோலை ஒட்டினால் கதிர்வீச்சு பட்ட இடத்தில் சரியாகப் பிடிக்காது, மறுபடி சுருங்கவும் செய்யும். அதனால் ரத்தக்குழாயோடு எடுத்து, மைக்ராஸ்கோப் வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய இழையால் கழுத்து ரத்தக்குழாயோடு தைக்க வேண்டும். தொடையிலிருந்து இப்படி எடுக்கும் முறையைச் சீன மருத்துவர்கள் 1984-ல் வெளியிட்டார்கள்.

“மறுபடியும் கத்தியா?” என்று மூன்று மாதம் இழுத்தடித்தார். பயப்படக் காரணமும் இருந்தது. மூளைக்கு ரத்தம் போகும் பெரிய குழாய் அங்கேதான் ஓடுகிறது. கழுத்து வளையாதவருக்கு மயக்க மருந்து கொடுப்பதும் லேசான வேலை இல்லை. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கினார்கள். ஆபரேஷன் எட்டு மணி நேரம். முதல் சில நாள், புதுத் தோலின் நிறமும் சூடும் மாறாமல் இருக்கிறதா என்று ராத்திரி பகலாக நர்ஸ்கள் வந்து பார்த்தார்கள்.

தொடையில் நீளத் தழும்பு. கழுத்தில் கொஞ்சம் புடைப்பு, தோல் நிறமும் லேசாக வேறு. தோள் பழையபடி உயரவில்லை. அந்த நரம்பு முதல் ஆபரேஷனிலேயே அடிபட்டிருந்தது. ஆனால் கழுத்து வளைந்தது. தினமும் மூன்று வேளை பயிற்சி, மனைவியின் மேற்பார்வையில்.

ஆறு மாதம் கழித்து, காலி மைதானத்தில் ஆட்டோவை நிறுத்தி அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான் மச்சினன். பின்னால் போய் நின்று விரல்களைக் காட்டினான். “எத்தனை மாமா?” இடதுபக்கம் சரியாகச் சொன்னார். வலதுபக்கம் மூன்று காட்டினான். அவருக்கு இரண்டுதான் தெரிந்தது.

“இன்னும் ஒரு மாசம் பண்ணுங்க மாமா” என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.